ஒன்பதாவது வாரத்துலயே சுகர் 104ன்னு வந்திருக்கு, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?

கேள்வி: வயசு 29, எடை 71 கிலோ, உயரம் 156 செ.மீ. முதல் குழந்தை, இப்ப 9 வாரம். பிசிஓடிக்காக (சினைப்பை நீர்க்கட்டி) ஒரு வருஷமா மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுட்டு இருந்தேன், பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் பயந்து நானே நிறுத்திட்டேன். போன வாரம் எடுத்த டெஸ்ட்ல வெறும் வயித்துல சுகர் 104, ஹெச்பிஏ1சி 5.9, ஹீமோகுளோபின் 9.8. எங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு. மாமியார் "அதெல்லாம் ஆறாம் மாசம்தான் பாப்பாங்க, இப்பவே எதுக்கு"ங்கறாங்க. மசக்கை வேற, வாந்தி எடுத்துட்டே இருக்கேன், தெம்புக்குன்னு குளுக்கோஸ் தண்ணி கரைச்சு குடுக்கறாங்க. குழந்தைக்கு ஊனம் வருமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்.

பதில்:

முதல்ல அந்த ராத்திரி பயத்துக்கு பதில் சொல்லிடறேன்மா. குழந்தையோட முதுகுத்தண்டு, இதயம் எல்லாம் உருவாகறது முதல் எட்டு வாரத்துக்குள்ள, பாதிப் பேருக்கு கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடியே பெரும்பாலான வேலை முடிஞ்சுடும், அந்த நேரத்துல அம்மாவோட சுகர் ரொம்ப எகிறி இருந்தாதான் உறுப்புக் குறைபாடு வர்ற வாய்ப்பு கூடும். ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) பத்தைத் தாண்டினவங்களுக்கு அந்த வாய்ப்பு நூத்துக்கு இருபது வரைக்கும் போகலாம். 5.9 அந்த கணக்கே இல்ல. எல்லா கர்ப்பத்துலயும் நூத்துக்கு ரெண்டு மூணு இருக்கற அதே வாய்ப்பை ஒட்டித்தான் நீங்களும் இருக்கீங்க. 11லிருந்து 13 வாரத்துக்குள்ள ஒரு ஸ்கேன், 18-20 வாரத்துல உறுப்பெல்லாம் பாக்கற ஸ்கேன், ரெண்டையும் தள்ளிப் போடாம எடுத்துடுங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒரு நாள் கூட விடாதீங்க.

அப்போ 104 ஒண்ணுமில்லையான்னு கேட்டா, அப்படியும் இல்ல. 126க்கு மேல போனா அது கர்ப்பத்துக்கு முன்னாடியே இருந்த சுகர் வியாதி, உங்களுக்கு அது இல்ல. ஆனா கர்ப்பத்துல வெறும் வயித்து சுகர் சாதாரண நேரத்தை விட கீழ இறங்கணும், அதனால 92 தொட்டாலே கர்ப்பகால சுகர்னு எடுத்துக்கற டாக்டர்கள் நிறைய பேர். உங்க ஹெச்பிஏ1சியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாக்கணும், இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை இருந்தா அந்த நம்பர் நிஜத்தை விட கூடுதலா காட்டும், உங்களுக்கு ஹீமோகுளோபின் 9.8தானே (கர்ப்பத்துல 11க்கு கீழ போனாலே ரத்தசோகைதான்). அதனால அந்த ஒரு நம்பரை வச்சு முடிவு பண்ணாம, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்களே, அந்த டெஸ்ட்டை இந்த வாரமே பண்ணிடுங்க. 140 அல்லது அதுக்கு மேல வந்தா கர்ப்பகால சுகர். உங்களுக்கு வாந்தி இருக்கறதால ஒண்ணு கவனிங்க, குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அன்னைக்கு டெஸ்ட் செல்லாது, அடுத்த நாள் திரும்ப பண்ணணும், வெக்கப்படாம லேப்ல சொல்லிடுங்க.

மாமியார் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், அவங்க காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா தமிழ்நாட்டுல எல்லா கர்ப்பிணிக்கும் சுகர் பாக்கணும்னு 2007லயே அரசு கொண்டு வந்தாச்சு, சென்னை டாக்டர் வீ.சேஷய்யா இதுக்காக வருஷக்கணக்கா பாடுபட்டவர். நாடு முழுக்க இருக்கற அரசு வழிமுறையும் முதல் தடவை செக்கப்புக்கு வரும்போதே ஒரு டெஸ்ட், 24-28 வாரத்துல இன்னொண்ணுன்னுதான் சொல்லுது. இப்ப நார்மல்னு வந்தாலும் ஆறாம் மாசம் திரும்ப பண்ணியே ஆகணும்.

சீக்கிரமே கண்டுபிடிச்சு வைத்தியம் பாத்தா நிஜமாவே லாபம் இருக்கான்னு டாக்டர்கள் நாங்களே ரொம்ப நாள் வாதாடிட்டு இருந்தோம். 2023ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, ஸ்வீடன், இந்தியான்னு நாலு நாட்டுல 17 ஆஸ்பத்திரில 802 பெண்கள். எல்லாரும் உங்கள மாதிரி ஏதோ ஒரு காரணத்தால சுகர் வர வாய்ப்பு உள்ளவங்க, 20 வாரத்துக்குள்ளயே டெஸ்ட்ல சுகர் தெரிஞ்சவங்க. உடனே வைத்தியம் ஆரம்பிச்ச குரூப்ல பிறந்த குழந்தைகள்ல 24.9 சதவீதத்துக்கு ஏதோ ஒரு பிரச்சினை வந்துச்சு (குறைமாசம், மூச்சுத் திணறல், பிரசவத்துல அடிபடறது இந்த மாதிரி), காத்திருந்த குரூப்ல 30.5 சதவீதம். அதுலயும் வெறும் வயித்து சுகர் 95லிருந்து 109 வரை இருக்கற மாதிரி கொஞ்சம் மேல்மட்டத்துல இருந்தவங்களுக்குத்தான் பலன் நல்லா தெரிஞ்சுது. உங்க 104 அதுக்குள்ள வருது. அதனாலதான் ஆறாம் மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம்னு அடிச்சு சொல்றேன். ஆனா லேசா கூடியிருந்தவங்கள ரொம்ப இறுக்கிப் பிடிச்சா குழந்தை சின்னதா போற வாய்ப்பும் அதுல தெரிஞ்சுது, அதனால பயந்து பட்டினி கிடந்துடாதீங்க.

இப்ப சாப்பாடு. குளுக்கோஸ் தண்ணியை இன்னைக்கே நிறுத்துங்க, ஜூஸ், ரஸ்க், டீல தோய்ச்ச பிஸ்கட்டும் வேணாம். கேழ்வரகு கூழ் நல்லதுதானேன்னு நிறைய பேர் கேப்பாங்க, கூழாவோ கஞ்சியாவோ குடிச்சா சுகர் சர்ருன்னு ஏறும், அடையாவோ தோசையாவோ பண்ணி ஒரு முட்டையோட சாப்பிடுங்க. காலையில சுகர் சீக்கிரம் ஏறும், அதனால காலை டிபனை மட்டும் சின்னதா வச்சுக்கோங்க, ரெண்டு இட்லி, சாம்பார் நிறைய, அப்புறம் 11 மணிக்கு ஒரு கை சுண்டல். மசக்கைக்கு வயிறு காலியா இருந்தா இன்னும் குமட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சமா மோர், நிலக்கடலை, பொட்டுக்கடலை, அவிச்ச முட்டைன்னு எது உள்ள நிக்குதோ அது. சோத்தை அடியோட நிறுத்தக் கூடாது, ஒரு கப் அளவா வச்சுட்டு தட்டுல பாதி காய் போடுங்க. ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பிட்டு பதினஞ்சு நிமிஷம் மொட்டை மாடில நடந்தா மறுநாள் காலை நம்பர்ல வித்தியாசம் தெரியும். ஒரு நாள் முழுக்க தண்ணி கூட நிக்காம, ஒண்ணுக்கு கம்மியா மஞ்சளா போனா வீட்டுல உக்காந்துட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போய் டிரிப் போட்டுக்கோங்க.

வீட்டுல குளுக்கோமீட்டர் வாங்கிடுங்க. வெறும் வயித்துல 95க்கு கீழ, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்கு கீழ, இதுதான் குறி. ஒண்ணு ரெண்டு வாரம் சாப்பாட்டுலயும் நடையிலயும் இது வரலைன்னா இன்சுலின் போட சொல்லுவாங்க, அதுக்கு அழாதீங்கம்மா. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைகிட்ட போகாது, பெரும்பாலானவங்களுக்கு பிரசவத்தோட நின்னுடும். மெட்ஃபார்மின் தாண்டிப் போகும், ஆனா நீங்க முதல்ல சாப்பிட்டதால கெடுதல் ஆகிடுச்சோன்னு கவலைப்பட வேண்டியதில்ல, பிசிஓடி உள்ள எத்தனையோ பேர் அதை சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் கர்ப்பம் ஆகறாங்க. திரும்ப ஆரம்பிக்கணுமா வேணாமாங்கறதை உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும், நீங்களா நிறுத்தறதும் வேணாம், ஆரம்பிக்கறதும் வேணாம். ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கீங்க, வைட்டமின் பி12 குறைஞ்சிருக்கலாம், ரத்தசோகைக்கு பாக்கும்போது அதையும் சேத்துப் பாக்க சொல்லுங்க. இரும்புச்சத்து மாத்திரையை டீ, பாலோட போடாதீங்க, எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோட போடுங்க.

குழந்தைக்கு என்ன ஆகும்னு கேட்டீங்களே, நான் பாத்த ஒண்ணை சொல்றேன். பயிற்சில இருந்தப்ப ஒரு பொண்ணுக்கு 3.9 கிலோவுல கொழுகொழுன்னு குழந்தை பிறந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஸ்வீட் கூட குடுத்துட்டாங்க. ஒரு மணி நேரத்துல குழந்தையோட கை வெடவெடன்னு நடுங்குது, தொட்டா திடுக்குனு தூக்கிப் போடுது, பால் இழுக்கல. குதிங்கால்ல குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பாத்தா சுகர் 28. அம்மாவுக்கு சுகர் இருந்தது யாருக்கும் தெரியாது, டெஸ்டே பண்ணல. வயித்துக்குள்ள அம்மாகிட்ட இருந்து சுகர் அதிகமா வர்றதால குழந்தையோட கணையம் இன்சுலினை நிறைய சுரந்து பழகிடும், அதாலதான் கொழுகொழுன்னு ஆகுது, தொப்புள்கொடியை வெட்டின உடனே சுகர் வரத்து நின்னுடும், இன்சுலின் நிக்காது. அந்த குழந்தை ட்ரிப் போட்டு ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு, நல்லா இருந்துச்சு. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த நடுக்கம் வரைக்கும் போயிருக்காது.

அதே மாதிரி குழந்தை சின்னதா இருந்தா சுகர் பாதிக்கலன்னும் நினைக்காதீங்க. புனேல சுகர் ஆராய்ச்சி பண்ற டாக்டர் யாஜ்னிக் குழு அளந்து பாத்தப்ப அங்க பிறந்த குழந்தைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்ல 3.5 கிலோ, ஆனா நம்ம குழந்தைங்களுக்கு குறைஞ்சிருந்தது சதைதான், தோலுக்கடியில கொழுப்பு அந்த அளவுக்கு குறையல. அதனால எடையை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

அதனால பிரசவத்துக்கு அட்மிட் ஆகும்போதே "எனக்கு சுகர் இருக்கு, குழந்தைக்கு சுகர் பாருங்க"ன்னு டூட்டி நர்ஸ்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள, முடிஞ்சா அரை மணிலயே, நெஞ்சோட அணைச்சு சீம்பால் குடுத்துடுங்க. சேனை தொடறேன்னு சீனித் தண்ணியோ தேனோ யாரும் நாக்குல வைக்க வேணாம், இதை இப்பவே வீட்டுல பேசி முடிச்சுடுங்க, அன்னைக்கு உங்களால வாதாட முடியாது.

குழந்தை பிறந்ததும் உங்க சுகர் நார்மலாகி எல்லாரும் மறந்துடுவாங்க. கர்ப்பகால சுகர் வந்தவங்களுக்கு பின்னால சுகர் வியாதி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏழு மடங்கு. ஆறாவது வாரம் குழந்தைக்கு தடுப்பூசி போட போவீங்கல்ல, அன்னைக்கே நீங்களும் குளுக்கோஸ் டெஸ்ட் பண்ணிக்கற மாதிரி சாப்பிடாம கிளம்புங்க, டிபனை டப்பால எடுத்துட்டுப் போய் டெஸ்ட் முடிஞ்சதும் அங்கயே சாப்பிட்டுக்கலாம்.