கர்ப்பமாக இருக்கும்போது முடக்குவாத மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: நான்கு வருடமாக எனக்கு முடக்குவாதம். இப்போது மூன்றாம் மாதம். பிள்ளைக்கு ஆகாது என்று எல்லா மாத்திரையையும் நானே நிறுத்திவிட்டேன். வலி தாங்க முடியவில்லை. வீட்டில் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

படித்ததும் மனசு கேட்கவில்லை. நானும் இதையேதான் செய்தேன். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே மாத்திரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சில வாரத்தில் விரல் கணுவெல்லாம் வீங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கூடக் குழாயைத் திருக முடியவில்லை. "புள்ளத்தாச்சின்னா வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்றார் அத்தை. பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அது பிள்ளைத்தாய்ச்சி வலி இல்லை, அடக்கி வைத்திருந்த நோய் திரும்பக் கிளம்பிய வலி.

டப்பாவை எடுத்துக்கொண்டு வாதநோய் டாக்டரிடம் போனேன். அட்டைகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் என் பக்கம் தள்ளி, "இத ஏம்மா நிறுத்தினீங்க? இது ரெண்டும் கர்ப்பத்துலயும் சாப்பிடலாமே" என்றார். சல்ஃபாசலசின் உடம்பில் ஃபோலிக் அமிலம் சேர்வதைக் குறைக்கும் என்பதால், ஃபோலிக் மாத்திரையை 5 மில்லிகிராமாக ஏற்றினார். கூடவே குறைந்த அளவில் பிரட்னிசலோன். ஸ்டீராய்டு என்றதும் எனக்குப் பக்கென்றது. அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்க வைத்துவிடும், பிள்ளைக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான் என்றார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் மட்டும் அடிக்கடி பார்க்கச் சொன்னார்.

உங்களிடம் நான் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுத்திய மாத்திரைகளில் மெத்தோட்ரெக்ஸேட் இருந்ததா? வாரம் ஒருமுறை போடுவது. அல்லது லெஃப்ளுனமைடு? இவை இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. நான் பிள்ளைக்குத் திட்டமிட்டபோதே, மூன்று மாதம் முன்னால், டாக்டர் சொல்லி மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டிருந்தேன். நீங்கள் கர்ப்பமான பிறகு ஒரே ஒரு முறை போட்டிருந்தாலும், கடைசியாகப் போட்ட தேதியை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். லெஃப்ளுனமைடு நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்து இருக்கிறது. பயந்து மறைத்துவிடாதீர்கள்.

கடைசி அட்டையை டாக்டர் என்னிடம் திருப்பியே தரவில்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கியது, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். 20 வாரத்துக்கு மேல் இவை பிள்ளையின் சிறுநீரகத்தைத் தொட்டு, பனிக்குட நீரைக் குறைக்கலாம். 30 வாரத்துக்கு மேல், பிறந்த பிறகு மூட வேண்டிய இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் முன்னாலேயே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 20 வாரத்துக்கு மேல் இவற்றைத் தவிர்க்கச் சொல்லி, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் எச்சரிக்கை விட்டது. ஆரம்ப மாதங்களிலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆனால் மகப்பேறு டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி அதிகமான நாளுக்கு எனக்குத் தந்தது வெறும் பாராசிட்டமால். ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு இடைவெளி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். தெரியாமல் இரண்டையும் போட்டால் அளவு மீறிக் கல்லீரலைப் பாதிக்கும்.

ஐந்தாம் மாதம் நானே தலை பின்னிக்கொண்டேன். முடக்குவாதம் உள்ள பலருக்குக் கர்ப்பத்தில் வலி தானாகவே குறைவதுண்டு, உங்களுக்கும் குறையட்டும். பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் திரும்ப ஏறவும் செய்யும். எனக்கு ஆறாவது வாரம் ஏறியது. பால் கொடுக்கும்போது எதைச் சாப்பிடலாம் என்று எட்டாம் மாதமே கேட்டு எழுதி வைத்திருந்ததால் தவிக்கவில்லை.

அப்புறம், வாதநோய் டாக்டரிடம் உங்கள் மகப்பேறு டாக்டருக்கு ஒரு கடிதம் கேளுங்கள், எந்த மாத்திரை, எவ்வளவு, எதற்காக என்று. என் ஃபைலில் அதுதான் முதல் பக்கம். பிரசவ அறைக்குள் போகும்போது நர்ஸ் முதலில் அதைத்தான் எடுத்துப் படித்தார்.