கோலாலம்பூர் பிளாட்டுகளில் நெரிசலான வீடு நோய்க்குக் காரணமாகுமா?

ஆகும். அறைகள் தாங்குவதைவிட அதிகம் பேர் இருந்தால் அது நெரிசலான வீடு. சுவரில் ஈரம் ஊறுவது, ஜன்னல் திறக்க வராதது எல்லாம் பழுது. இரண்டும் சேர்ந்தால் காசநோய் எளிதாகப் பரவும்.

பிபிஆர் வீடு, அதாவது வசதி குறைந்தவர்களுக்கு அரசு கட்டிய அடுக்குமாடி வீடு, ஏறத்தாழ 700 சதுர அடி, மூன்று அறை. தாத்தா பாட்டி, மகன் குடும்பம், கல்யாணமாகாத தம்பி என்று எட்டுப் பேர் இருந்தால், ராத்திரி ஹாலில் பாயோடு பாய் ஒட்டிக் கிடக்கும். இடமில்லாமல் அலமாரியை ஜன்னலை மறைத்து வைத்திருப்பார்கள். பாவம், வேறு எங்கே வைப்பது?

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம் அல்லவா? தூபக்காலை எடுத்த பிறகும் மூடிய அறையில் புகை நிற்கும். ஜன்னலைத் திறந்தால் கலையும். இருமலில் வெளிவரும் காசநோய்க் கிருமியும் அப்படித்தான், மணிக்கணக்கில் மிதக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் இரவு முழுக்க அதையே சுவாசிக்கிறார். மலேசியாவில் தொழிலாளர் தங்கும் விடுதியில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கையிடம் வேண்டும் என்று விதி வைத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது.

அப்புறம், நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்குகிறார்கள்; காசநோய் பாத்திரத்தால் பரவாது, காற்றால்தான் பரவும்.