முதலில் கொள்வார், பிறகு கடை

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் இயற்கை வாழ்வியலில் ஈடுபாடுள்ள குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு ஒரு தோப்பில் கூடுகிறோம். பெரும்பாலானவர்கள் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். விதைகளை மாற்றிக்கொள்வோம், மாடித்தோட்டம் பற்றிப் பேசுவோம், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம். இப்போது எங்களில் சிலர் சிறுதொழில் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் மரச்செக்கு போட்டிருக்கிறார். ஒரு அக்கா சிறுதானிய மாவு அரைத்துத் தருகிறார். சோப்பு செய்கிறவர், தேன்பெட்டி வைத்திருக்கிறவர் என்று இன்னும் சிலர். கூட்டத்தின் வழியாகவே இவர்களுக்கு விளம்பரம் செய்து தரலாம் என்று நான் சொன்னேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். "இங்கேயும் வியாபாரம் நுழைந்துவிட்டால் வேறு எங்கே போவது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்கிடையே, ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் ஒரு கம்பெனியின் சத்துப் பொடியை விற்கும் உறுப்பினர் ஒருவர், தனக்கும் இடம் வேண்டும் என்கிறார். மறுத்தால் மனம் வருந்துவார். நாங்கள் என்ன செய்வது?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

விற்கலாம், தாராளமாக விற்கலாம். மாதம் முழுக்க மளிகையை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிட்டு ஒரு ஞாயிறு மட்டும் விதை மாற்றிக்கொள்ளும் கூட்டம் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் நண்பர் செக்கு போட்டதே நீங்கள் எல்லோரும் பேசிய பேச்சை நம்பித்தான். அந்தப் பேச்சுக்கு உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. அந்தப் பெரியவரின் கேள்வியிலும் நியாயம் உண்டு. நீங்கள் கேட்பது விளம்பரம் என்பதால்தான் அவர் பயப்படுகிறார். அதைக் கேட்டபோது எனக்கும் தயக்கம் வந்தது.

செக்குக்காரரையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கூட்டத்தில் அவரை அறியாதவர் யாருமில்லை. அவர் இராத்தூக்கம் கெடுவது அடுத்த மாதம் எத்தனை லிட்டர் போகும் என்று தெரியாததால். நிலக்கடலை அறுவடையாகி விலை இறங்கும் சமயத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட அவரிடம் பணம் வேண்டும். ஆட்டிய எண்ணெயைத் தெளிய வைக்க வேண்டும். தெளிந்தது விற்காமல் தேங்கினால் சிக்கு வாடை அடித்துவிடும். ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஆர்வமாக ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கி, அடுத்த மாதம் மறந்துபோனால், அந்த ஆர்வத்தை நம்பி ஆட்டிய எண்ணெய் அவர் தலையில் விழுகிறது. நன்றாகத் தொடங்கிய எத்தனையோ செக்குகள் இப்படித்தான் நின்றன.

இதையே மாற்றிப் பாருங்கள். நாற்பது குடும்பங்கள், ஆறு மாதத்துக்கு மாதம் 3 லிட்டர் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, முதல் மாதப் பணத்தை முன்பணமாகவே கொடுக்கின்றன என்று வையுங்கள். மாதம் 120 லிட்டர். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். ஆக மாதம் 300 கிலோ பருப்பு. இந்தக் கணக்கு கையில் இருந்தால் அவர் நத்தம் பக்கமோ ஒட்டன்சத்திரம் பக்கமோ ஓர் உழவரிடம் விதைப்புக்கு முன்பே போய், "பூச்சிமருந்து அடிக்காமல் விளைவியுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று பேசலாம். உங்கள் நாற்பது பேரின் சொல் எங்கோ ஒரு காட்டில் என்ன அடிப்பது, என்ன அடிக்காமல் விடுவது என்பதையே தீர்மானிக்கும். எவ்வளவு நோட்டீஸ் அடித்தாலும் இது நடக்காது.

இந்த முறைக்கு முன்னோடிகள் உண்டு. ஜப்பானில் 1971இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் பூச்சிக்கொல்லிக்குப் பயந்த நகரத்துக் குடும்பங்கள் உழவர்களோடு நேராகச் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு 'தெய்க்கே' என்று பெயர். 1978இல் அதைப் பத்துக் கொள்கைகளாக எழுதி வைத்தார்கள். என்ன விளைவிப்பது என்று இரு தரப்பும் கூடிப் பேசுவது, விளைந்ததை முழுவதும் எடுத்துக்கொள்வது, இருவருக்கும் கட்டுப்படியாகும் விலை வைப்பது, கொண்டு சேர்க்கும் வேலையைத் தாங்களே பகிர்ந்துகொள்வது என்பவை அவற்றில் சில. வாங்குகிறவரின் கடமைகள் அதில் எத்தனை இருக்கின்றன பாருங்கள். நம் ஊரிலும் நெல் ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். 2018இல் அவர் மறைந்தபோது அந்த விதைகள் பல ஆயிரம் உழவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. பெற்றுக்கொண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை இருந்ததால்தான் அது பரவியது.

இதற்கெல்லாம் முன்பே இதைச் சிந்தித்துவைத்தவர் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்றவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தார். ஒரு பொருளை வாங்குகிறவர், அது எப்படி உண்டானதோ அதற்கெல்லாம் உடந்தை என்பது அவர் வாதம். செய்தவரை வதைத்து உண்டான பொருள் என்றால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு. அவ்வளவையும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்றால், விசாரிக்க முடிகிற வட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சுதேசி என்பதை அவர் அப்படித்தான் விளக்கினார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் சிறுதொழில் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

ஆகவே உங்கள் வட்டத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம் என்று இருக்கலாம். சிறுமலை வாழை, சின்னாளபட்டிக் கைத்தறி, உங்கள் செக்கு, உங்கள் மாவு எல்லாம் அதற்குள் அடங்கும். உப்பும் கருப்பட்டியும் அடங்காது. கருப்பட்டி உடன்குடிப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அதில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், பதநீர் இறங்கும் பருவத்தில் உங்களில் இரண்டு பேர் நேரில் போய் அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். போய்வரும் பஸ் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

போய்ப் பார்ப்பது என்பதை வெறும் சுற்றுலாவாக நினைக்க வேண்டாம். இயற்கை விளைபொருளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பிஜிஎஸ்-இந்தியா சான்று முறையே இதன்மேல்தான் நிற்கிறது. குறைந்தது ஐந்து உழவர்கள் ஒரு குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து, ஒருவருக்கொருவர் சாட்சி சொல்கிறார்கள். காசு கொடுத்து வெளியிலிருந்து ஆய்வாளரை வரவழைக்க முடியாதவர்களுக்கான வழி அது. உங்கள் கூட்டமும் அப்படிச் சாட்சி சொல்ல முடியும். கூடிய மறுவாரம் நான்கு பேர் மாவு அரைக்கும் அக்கா வீட்டுக்குப் போகட்டும். சாமையும் வரகும் எங்கே வாங்கினார், எப்படிக் காய வைக்கிறார், மிஷினை எதால் துடைக்கிறார் என்று பார்த்துவந்து அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். செய்கிறவர் தன் பொருளைத் தானே புகழ்ந்துகொள்வதைவிடப் பார்த்தவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். குறை இருந்தால் முதலில் தனியாகச் சொல்லித் திருத்த அவகாசம் கொடுங்கள்.

விலைக்கும் இதே வெளிச்சம் வேண்டும். செக்குக்காரர் ஒரு தாளில் பருப்பு விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், மின்சாரம், தன் சம்பளம், கழித்துக்கொண்ட புண்ணாக்கு விலை எல்லாவற்றையும் எழுதி எல்லோருக்கும் காட்டட்டும். அதைப் பார்த்த பிறகு ரீஃபைண்ட் எண்ணெய் விலையோடு ஒப்பிட்டு யாரும் பேச மாட்டார்கள். இங்கே உங்கள் கூட்டத்தாரிடமே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. "நம்ம ஆளுதானே, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்பதும், "அடுத்த மாசம் தந்துடறேன்" என்பதும் அன்பின் பெயரால் நடக்கும் கொடுமை. அறிமுகமில்லாதவரிடம் கறாராக நின்று காசு வாங்கிவிடலாம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் அந்த அக்கா எப்படிக் கேட்பார்? வாய் திறக்காமல் நஷ்டத்தை விழுங்குவார், ஒருநாள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். கடன் இல்லை, பேரம் இல்லை என்பதை முதல்நாளே எல்லோர் சார்பிலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். விற்கிறவர் வாயால் அதைச் சொல்ல வைக்காதீர்கள்.

கூட்டத்துக்கென்று கமிஷன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. விற்பனையில் ஒரு பங்கு கூட்டத்துக்கு வரும் என்றால், நாளடைவில் எது அதிகம் விற்கும் என்பதே பேச்சாகிவிடும். ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டுச் செலவைச் சமாளியுங்கள். விற்பனையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாதவர் கிளம்பிப் போகலாம், அந்தப் பெரியவருக்கும் சங்கடம் இருக்காது.

இனிச் சொல்வதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். இயற்கைப் பொருள் விற்கிறவர்கள் பலர் நோயைக் காட்டி விற்கிறார்கள். கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும், இந்த மாவு குடித்தால் புற்றுநோய் அண்டாது என்கிறார்கள். சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கருப்புக் கவுனி அருமையான அரிசி, ஆனாலும் அரிசிதான். அதிலும் மாவுச்சத்து உண்டு, அளவு மீறினால் சர்க்கரை ஏறும். அந்தப் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண்ணையோ காலையோ இழந்தால் யார் பதில் சொல்வது? உங்கள் கூட்டத்தில் நோய் தீரும் என்று சொல்லி எதுவும் விற்கக் கூடாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்பதும் இந்த வகைதான். காஸ்டிக் சோடா இல்லாமல் குளியல் சோப்பு கிடையாது. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறிவிடுகிறது, சில வாரம் ஆறவைத்த சோப்பு உடம்பை உறுத்தாது. இதை உள்ளபடியே சொன்னால் என்ன குறைந்துவிடும்? எந்த எண்ணெயில் செய்தது, எத்தனை வாரம் ஆறியது என்று சொல்வது போதும். சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள், விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும். அவரிடம் இல்லையென்றால் உரிமம் உள்ளவரோடு சேர வழி தேடித் தாருங்கள். மாவுக்கும் எண்ணெய்க்கும் தேனுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவின் 14 இலக்க எண் வேண்டும். உங்களில் கணினி தெரிந்த பிள்ளைகள் ஒரு ஞாயிறு உட்கார்ந்து எல்லோருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டால், அதுவே பெரிய உதவி. 'ஆர்கானிக்' என்று அச்சடித்துக் கடைக்குக் கொடுப்பதென்றால் சான்று கட்டாயம். விளைவித்த சிறு உழவரே நேராக வீட்டுக்குக் கொடுத்தால் இயற்கை உணவுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளில் விலக்கு இருக்கிறது.

தேன்காரருக்காக ஒரு வார்த்தை. முருங்கைப் பூக்கும் காலத்தில் ஒரு நிறம், வேம்பு பூக்கும் காலத்தில் வேறு நிறம், வேறு சுவை என்று தேன் மாறும். குளிரில் சில தேன் உறைந்து சர்க்கரைபோல் ஆகும். அதைக் கலப்படம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும், எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பதும் எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு கூட்டத்தை அவர் பெட்டி வைத்திருக்கும் தோட்டத்திலேயே நடத்துங்கள். அடை வெட்டுவதைக் குழந்தைகளும் பார்க்கட்டும்.

கடைசியாக அந்தச் சத்துப் பொடி. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். செய்கிறவர் எதிரே நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது உங்கள் ஏற்பாட்டின் அடிப்படையாக இருந்தால், அந்தப் பொடி தானாகவே வெளியே நின்றுவிடும். எந்த ஆலையில், எந்தத் தானியத்தில் செய்தார்கள் என்பது அதை விற்கிறவருக்கே தெரியாது. அதோடு, ஆள் சேர்ப்பதில் வருமானம் வரும் தொழிலில் உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அவர் கண்ணுக்கு ஆளாகத் தெரிவார்கள். நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகள், ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் அடுக்குத் திட்டங்களைத் தடை செய்திருக்கின்றன. அவர் கம்பெனி எந்த வகை என்று அவரே சரிபார்த்துக்கொள்வது அவருக்கும் நல்லது.

ஆனால் அவரை விலக்கிவிடாதீர்கள். ஒருவர் இப்படிப்பட்ட ஒன்றைக் கையில் எடுக்கிறார் என்றால் வீட்டில் பணம் தேவைப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். எல்லோர் முன்னிலும் மறுக்காமல் நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். நாற்பது குடும்பங்களுக்கு மாதம் தவறாமல் மாவும் எண்ணெயும் போக வேண்டுமென்றால் புடைக்கவும் சலிக்கவும் அளந்து கட்டவும் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கவும் ஆள் வேண்டும். மாவு அரைக்கும் அக்காவால் தனியாக அதைச் செய்ய முடியாது. அந்த வேலைக்கு நியாயமான கூலியை விலைத்தாளில் ஒரு வரியாகவே சேர்த்துவிட்டு, வருகிறாரா என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.