கோல்ஃப் கையுறையை எந்தக் கையில் அணிய வேண்டும்?

உங்களுக்கான விடை வலக்கை. எழுதுவதும் உண்பதும் வலக்கையால், கிரிக்கெட்டில் மட்டும் இடக்கை ஆட்டக்காரர், கோல்ஃப் பயிற்சியாளரும் இடக்கை ஆட்டக்காரருக்கான மட்டைகளையே கொடுத்திருக்கிறார், கடைக்காரரோ இடக்கையில் போடும் கையுறையைக் கொடுத்து அனுப்பிவிட்டார், இதில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள்; கையுறையை, உறையைப் பிரிக்காமல் இருந்தால், உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் விதி எளிமையானது: வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில் அணிய வேண்டும், இடக்கை ஆட்டக்காரர் வலக்கையில் அணிய வேண்டும். ஆனால் 'வலக்கை ஆட்டக்காரர்' என்பதை 'வலக்கையால் எழுதுபவர்' என்று பலரும் பொருள் கொண்டுவிடுவதால்தான் உங்களுக்கு வந்த ஐயம் வருகிறது. ஆகவே நான் புதியவர்களிடம் இந்த விதியை வேறு விதமாகச் சொல்வது வழக்கம். மட்டையைப் பிடித்து நின்று பாருங்கள். இரண்டு கைகளில் எது பிடியின் மேல் முனைக்கு, அதாவது உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும் முனைக்கு, அருகில் இருக்கிறதோ அந்தக் கைக்குத்தான் கையுறை. நீங்கள் எந்தக் கையால் எழுதுகிறீர்கள், எந்தக் கையால் பந்தெறிகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

தொடர்பில்லை என்பதற்கு கோல்ஃப் உலகிலேயே பெரிய சான்றுகள் உண்டு. 'மேஜர்' எனப்படும் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஆறு பட்டங்களை வென்ற அமெரிக்கர் ஃபில் மிக்கெல்சன் மற்ற வேலைகளை எல்லாம் வலக்கையால் செய்பவர்; சிறு குழந்தையாக இருந்தபோது தந்தைக்கு எதிரே நின்று, அவர் மட்டை வீசுவதைப் பார்த்து அப்படியே செய்ததில் இடக்கை ஆட்டம் படிந்துவிட்டது. எனவே அவருடைய கையுறை வலக்கையில். 1963-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்று, மேஜர் பட்டம் பெற்ற முதல் இடக்கை ஆட்டக்காரர் என்று பெயரெடுத்த நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸும் இயல்பில் வலக்கைக்காரரே. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் கையெழுத்திட்டுக்கொண்டு வலக்கை ஆட்டக்காரராக ஆடியதையும், நம் வாஷிங்டன் சுந்தர் வலக்கையால் சுழற்பந்து வீசிவிட்டு இடக்கை ஆட்டக்காரராகக் களமிறங்குவதையும் நாம் பார்த்திருக்கிறோம். வாஷிங்டன் சுந்தர் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும் அதே முறையில் கோல்ஃப் மட்டையையும் பிடித்தால், மேலே இருப்பது வலக்கையாகத்தான் இருக்கும். கையுறையும் அதில்தான் ஏறும். உங்கள் நிலையும் இதுவே.

அப்படியானால் மேல் கைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்ற கேள்வி வரும். இது சம்பிரதாயம் அன்று, இரண்டு கைகளும் செய்யும் வேலை வேறு என்பதே காரணம். வலக்கை ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உங்களுக்குக் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அவருடைய இடக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் மட்டையின் பிடியை உள்ளங்கையின் அடிமேட்டோடு சேர்த்து அணைத்துக்கொள்கின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 'டிரைவர்' என்ற, பந்தை நெடுந்தூரம் அடிக்கும் மட்டையை வீசும்போது அதன் தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் சுற்றி வருகிறது. நம்மைப் போன்ற வார இறுதி ஆட்டக்காரர்களின் வேகம் அதைவிடக் குறைவு என்றாலும், சுற்றும் பொருள் வெளிப்பக்கமாக இழுக்கும் இழுவை நமக்கும் உண்டு. அந்த இழுவையில் மட்டை கைநழுவிப் போகாமல் தாங்கி நிற்பது பெரும்பாலும் அந்த மூன்று விரல்கள்தாம். கீழே இருக்கும் வலக்கையோ, இடக்கைக் கட்டைவிரலின் மேல் தன் உள்ளங்கைக் குழியைப் பொருத்திக்கொண்டு, பெரும்பாலும் நடு இரண்டு விரல்களால் பிடியைச் சுற்றிக்கொள்கிறது. ஹாரி வார்டன் என்ற பழைய காலத்து ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் பிடிமுறையில் வலக்கைச் சுண்டுவிரல் பிடியைத் தொடுவதே இல்லை, இடக்கை விரல்களின் மேல் படிந்து கிடக்கும். ஆகவே கீழ்க் கையின் தோல் ரப்பரோடு உரசும் பரப்பே குறைவு. மட்டைத் தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, பந்து தலையின் நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்பதை உணர்வதற்கு அந்தக் கை வெறுங்கையாக இருப்பதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள்.

கொப்புளம் வராமல் காப்பதுதான் கையுறையின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு வேலைதான், ஆனால் என் கருத்தில் அது இரண்டாம் பட்சம். பிடி வழுக்குகிறது என்ற அச்சம் வந்தவுடன் நாம் அறியாமலே மட்டையை இறுக்கி நெரிக்கத் தொடங்குகிறோம்; பிடி இறுகினால் முன்னங்கை விறைக்கும், மணிக்கட்டு மடங்க வேண்டிய இடத்தில் மடங்காது, வேகமும் போய்விடும், பந்தும் நினைத்த திசையில் போகாது. நல்ல தோல் கையுறை ரப்பர்ப் பிடியோடு ஒட்டிக்கொள்வதால், லேசாகப் பிடித்தாலே போதும் என்ற தைரியத்தைக் கொடுக்கிறது. புதியவர்களுக்கு அது கொடுக்கும் பெரிய நன்மை இந்தத் தைரியம்தான். கிரிக்கெட்டில் இரு கைகளிலும் கையுறை அணிவதை இதற்கு மேற்கோளாகக் காட்டுபவர்கள் உண்டு. அங்கே பந்து விரல்களை நோக்கிப் பாய்ந்து வருகிறது, அடிபடாமல் காக்க இரண்டு கைகளுக்கும் திண்டு வைத்த உறை வேண்டும். கோல்ஃபில் பந்து அசையாமல் தரையில் கிடக்கிறது, ஆகவே அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது.

இரண்டு கைகளிலும் அணிந்தால் தவறா என்றால், இல்லை. கோல்ஃப் விதிகளில் 4.3-ஆம் விதி சாதாரணக் கையுறையை அனுமதிக்கிறது; கையைப் பிடியோடு பிணைக்கும் அமைப்போ அதுபோன்ற கூடுதல் உதவியோ அதில் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை, ஒரு கையில்தான் அணிய வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் ஆரன் ராய் சிறுவயது முதலே இரு கைகளிலும் கறுப்புக் கையுறை அணிந்து ஆடுபவர். 2024-இல் அமெரிக்காவின் விண்டம் சாம்பியன்ஷிப் பட்டத்தை அப்படித்தான் வென்றார். டாமி கெய்னி என்ற அமெரிக்கருக்கு 'இரட்டைக் கையுறை' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. மறுபுறம், 1992-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஃப்ரெட் கப்பிள்ஸும், 2009-இல் யு.எஸ். ஓப்பன் வென்ற லூகாஸ் குளோவரும் கையுறையே அணியாதவர்கள். குளோவர் என்று பெயரை வைத்துக்கொண்டு கிளவுஸ் போடாமல் ஆடுகிறார் என்று அவரைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

மேல் கை என்ற அளவுகோல்தான் சரியானது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தென்னாப்பிரிக்காவின் பாப்வா செவ்கோலம். டர்பன் நகரில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, வேலை பார்த்துத் தானாகவே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். வலக்கை ஆட்டக்காரரைப் போலவே நிற்பார், வலக்கை மட்டைகளையே பயன்படுத்துவார், ஆனால் கைகளை மாற்றி, வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் பார்த்தவுடன் திருத்த முனையும் அந்தப் பிடியோடு அவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1965-இல் நேட்டால் ஓப்பனில், தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான கேரி பிளேயரையே முந்தினார். அதற்கு முன், 1963-இல் அதே நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக மன்ற வளாகத்திற்குள் அவரை விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். இப்படிப் பிடிப்பவர் ஒருவர் இன்று கையுறை வாங்க வந்தால், 'வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையில்' என்ற மனப்பாட விதி அவருக்குத் தவறான கையைக் காட்டும். மேல் கை எது என்று பார்ப்பவர் அவருக்கு வலக்கைக் கையுறையை எடுத்துக் கொடுப்பார்.

இனி உங்கள் கடைக்காரர் எங்கே குழம்பியிருக்கக்கூடும் என்பதற்கு வருகிறேன். மட்டைகளின் மீது 'எல்.எச்.' என்று போட்டிருந்தால் அது இடக்கை ஆட்டக்காரருக்கானது என்று பொருள். கையுறையின் உறை மீது 'எல்.எச்.' என்று போட்டிருந்தால் அது இடக்கையில் அணிவது, அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கானது. ஒரே இரண்டு எழுத்துகள், ஒரே கடை, நேர்மாறான பயன். இணையத்தில் வாங்குபவர்கள் இதில் இன்னும் எளிதாகச் சிக்கிக்கொள்கிறார்கள், ஏனெனில் சில விற்பனைப் பக்கங்களில் கையைக் குறிப்பிடுகிறார்கள், சிலவற்றில் ஆட்டக்காரரைக் குறிப்பிடுகிறார்கள். எழுத்தை நம்பாமல் படத்தைப் பாருங்கள்: கையுறையின் புறங்கைப் பக்கம், அதாவது வெல்க்ரோ பட்டை இருக்கும் பக்கம், உங்களைப் பார்க்கும்படி விரல்கள் மேல்நோக்கி இருக்கையில் கட்டைவிரல் இடப்பக்கம் நீட்டியிருந்தால் அது வலக்கைக்கானது. உங்களுக்கு வேண்டியது அதுதான். வலக்கைக் கையுறைகளைக் கடைகளில் குறைவாகவே வைத்திருப்பார்கள், ஆகவே உங்கள் அளவு கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அளவைப் பொறுத்தவரை, கையோடு ஒட்டிய தோல்போல இருக்க வேண்டும். விரல் நுனிகளில் தொளதொளப்பு இருக்கக் கூடாது, உள்ளங்கையில் சுருக்கம் விழக் கூடாது. புதிதாகப் போடும்போது வெல்க்ரோ பட்டை முழுவதும் மூடாமல் சற்று இடம் விட்டு நிற்பதே சரி, ஏனெனில் தோல் நாளடைவில் இளகும். உள்ளங்கை அகலமாகவும் விரல்கள் குட்டையாகவும் இருப்பவர்களுக்குக் 'கேடட்' என்ற தனி அளவு உண்டு. நம் ஊர்க் கடைகளில் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

நான் சென்னையில் ஆடுகிறேன். மெல்லிய செம்மறியாட்டுத் தோலில் செய்த கையுறைதான் தொடு உணர்வுக்குச் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் மே மாதப் புழுக்கத்தில் ஒன்பது குழி, அதாவது பாதி ஆட்டம், முடிவதற்குள் அது நனைந்து ஊறிவிடும். ஆகவே பையில் ஒன்றுக்கு மேற்பட்ட கையுறைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிவது இங்கே ஆடம்பரம் அன்று. கழற்றியதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் அடுத்த வாரம் அட்டைபோல் விறைத்திருக்கும். வெயிலில் காயவைத்தாலும் அதே கதிதான். நிழலில், விரல்களை நீட்டி, தட்டையாக வைத்துக் காயவிட்டு, பிறகு அது வந்த உறையிலேயே வைத்தால் பல மாதம் உழைக்கும். மழைக்கென்று தனியாக விற்கும் கையுறைகள் துணியால் ஆனவை, நனைய நனையத்தான் பிடிப்பு கூடும். அவற்றை மட்டும் இணையாக, இரு கைகளிலும் அணிவதற்கென்றே விற்கிறார்கள்.

பழைய கையுறையைத் தூக்கி எறியும் முன் அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டில் ஓட்டை விழுந்திருந்தால், நீங்கள் மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள், வீசும்போது பிடி உள்ளே நகர்கிறது என்று கொள்ளலாம். அதைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், உங்கள் பிடியைப் பற்றி அவருக்கு அது நிறையச் சொல்லும்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. வலக்கை மோதிரவிரலில் ராசிக்கல் மோதிரம் போட்டிருந்தால், ஆட்டத்திற்கு முன் கழற்றி வைத்துவிடுங்கள். உங்களுக்கு அது மேல் கை. கையுறைக்குள் மோதிரம் இருந்தால் தோல் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். பட்டிங் செய்யும்போது, அதாவது குழிக்கு அருகில் பந்தை மெல்லத் தட்டி உருட்டும்போது, மட்டும் பெரும்பாலோர் கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள், அங்கே மெல்லிய தொடு உணர்வு தேவை என்பதற்காக. பழம்பெரும் ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் கழற்றாமலேயே பட்டிங் செய்தவர், ஆகவே அது உங்கள் விருப்பம்.