திமிங்கலமும் மக்காச்சோளமும்

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில் இருக்கும் லமலெரா என்ற ஊரைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். மரப்படகில் போய், மூங்கில் கழியில் செருகிய ஈட்டியோடு திமிங்கலத்தின் மேலேயே குதிக்கிறார்கள். கடல் சிவந்துபோனதைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. நாகரிகம் தொடாத மக்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. இந்தக் காலத்தில் இதை அனுமதிக்கலாமா என்று இன்னொரு மனம் கேட்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இது மரபா, கொடுமையா? அங்கே பணமே இல்லாமல் பண்டமாற்று நடக்கிறதாமே, நாமும் அப்படி வாழ முடியாதா? அங்கே எப்படிப் போவது?

கீர்த்தனா

அன்புள்ள கீர்த்தனா,

உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதில் தவறே இல்லை. அங்கே முக்கியமாக வேட்டையாடப்படும் ஸ்பெர்ம் திமிங்கலம் குடும்பமாக வாழ்கிற உயிர், பல ஆண்டுகள் குட்டிக்குப் பால் கொடுக்கிற உயிர். அதன் சாவைப் பார்த்து மனம் கலங்குவது நல்ல மனத்தின் இயல்பு. யார் கேலி செய்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ‘நாகரிகம் தொடாத மக்கள்’ என்று எழுதினீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தோனேசிய மொழிக்குப் பள்ளி இலக்கண நூல் எழுதிய கோரிஸ் கெராஃப் 1936-இல் பிறந்தது இந்த லமலெராவில்தான். தன் ஊர்ப் பேச்சையே ஆராய்ந்து 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1999 முதல் 2001 வரை இந்தோனேசியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் இதே ஊர்க்காரர். திமிங்கலம் பிடிக்கிற ஊரிலிருந்து போனவர்தான் அந்த நாட்டின் சுற்றுச்சூழலுக்கே பொறுப்பாக உட்கார்ந்திருந்தார். வெற்று மார்போடு ஒருவன் குதிப்பதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு ஊருக்கே நாகரிகச் சான்றிதழ் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

மரபா, கொடுமையா என்ற கேள்வியை நான் நீட்டப் போவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் எஞ்சின் வைத்த கப்பல்கள் கொன்ற திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். 1960-களில் ஸ்பெர்ம் திமிங்கலம் மட்டும் ஆண்டுக்கு 20,000-க்கு மேல். அந்த எண்ணெயில் பெரும்பகுதி போனது இயந்திரங்களுக்கு. லமலெராவில் நல்ல ஆண்டில் சில பத்துகள், மோசமான ஆண்டில் விரல்விட்டு எண்ணலாம். நீலத் திமிங்கலத்தை அவர்கள் தொடுவதில்லை, முன்னோரைக் காப்பாற்றிக் கரைசேர்த்தது அது என்பது ஊர் நம்பிக்கை. இதனாலெல்லாம் ஈட்டி வாங்கிய திமிங்கலத்தின் வலி குறைந்துவிடாது. சரி, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘அனுமதிக்க’ நீங்களும் நானும் யாரும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும், யார் படம் எடுத்தாலும், கேமரா லமாஃபாவின் மேல்தான் நிற்கிறது. படகின் முனையில் நின்று ஈட்டியோடு குதிப்பவர் அவர். அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் குதித்துப் பிழைப்பதில்லை, நடந்து பிழைக்கிறது. நடப்பவர்கள் பெண்கள்.

லமலெரா லெம்பாட்டாவின் தெற்குக் கரையில், லபாலெகாங் மலை கடலுக்குள் சரிந்து இறங்குகிற இடத்தில் இருக்கிறது. எங்கும் பாறை, விதைக்க நிலம் கிடையாது. இந்தோனேசியாவில் மழை குறைந்த பகுதி அது. மேலே மலையூர்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் வாழையும் உண்டு, ஆனால் மீன் கிடையாது. கடற்கரைக்காரருக்கு மாவு இல்லை, மலைக்காரருக்குப் புலால் இல்லை. வெறும் திமிங்கலக் கறியைத் தின்று யாரும் உயிர்வாழ முடியாது, கீர்த்தனா! அந்தக் கறி மக்காச்சோளமாக மாறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எப்படி மாறுகிறது? திமிங்கலம் கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்கிறார்கள். படகில் போனவர்களுக்கு, படகு எந்தக் குலத்துடையதோ அவர்களுக்கு, தச்சருக்கு, ஈட்டி இரும்பு அடித்த கொல்லருக்கு, அந்த மண்ணின் பழைய உரிமைக்குடிகளுக்கு. எந்த உறுப்பு யாருக்கு என்று வழக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பங்கு அதற்கப்புறம் பெண்களின் பொறுப்பு. விதவைக்கும் உறவுக்கும் கொடுப்பதை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். மிச்சத்தை வாராக அரிந்து வீட்டு முன்னால் மூங்கில் கொடியில் காயவைக்கிறார்கள். சொட்டுகிற எண்ணெயைக் கீழே பிளந்த மூங்கிலில் பிடித்துக்கொள்கிறார்கள். காய்ந்ததைத் தலையில் ஏற்றி, இருட்டு விலகும் முன்பே மலை ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். கடல் ஏமாற்றிய மாதங்களில் உப்பும் வெற்றிலைக்கான சுண்ணாம்பும் சுமந்து போகிறார்கள். வெறுங்கையோடு திரும்ப முடியாது, வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

லமலெராவுக்குப் பக்கத்து ஊரான வுலாண்டோனியின் சனிக்கிழமைச் சந்தையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் மர நிழலில் மலைப்பெண்கள் கதிர்களையும் வாழைப்பழத்தையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சந்தை வரியாக ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் பொருள் எடுத்தார்கள். அதுவரை ஒரு கதிர்கூடக் கைமாறவில்லை. விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரு துண்டு கறிக்கருவாட்டுக்குப் பன்னிரண்டு கதிர், அல்லது பன்னிரண்டு வாழைப்பழம். எண்ணுவது ஆறு ஆறாக. இந்தக் கணக்கில் பேரம் கிடையாது, பேரமெல்லாம் துண்டின் அளவில்தான். என் பக்கத்தில் ஒரு மலைக்கிழவி கறுத்த துண்டு ஒன்றைப் புரட்டி, முகர்ந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். லமலெராக்காரி முகத்தில் எதையும் காட்டாமல் அதைவிடச் சற்றுக் கனமான துண்டை எடுத்து முன்னால் வைத்தாள். கிழவி கதிர்களை எண்ண ஆரம்பித்தாள். நான் ஆண்கள் குதிப்பதைப் பார்க்கத்தான் அந்தத் தீவுக்குப் போயிருந்தேன். ஆனால் அந்த ஊரின் உயிர்நாடி எனக்குப் பிடிபட்டது இந்தச் சந்தையில்தான்.

1970-களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நார்வேயிலிருந்து திமிங்கல வேட்டையில் கைதேர்ந்த ஒருவரை லமலெராவுக்கு அனுப்பியது. வேட்டையை நவீனப்படுத்துவது திட்டம். திட்டம் முடிந்தது, ஊர் பழைய படகுகளோடு தொடர்ந்தது. நிறையப் பிடித்தால் நிறைய உணவு என்பது எவ்வளவு சுலபமான கணக்கு! அறுத்ததைக் காயவைக்க வேண்டாமா, சுமக்கத் தலை வேண்டாமா, மாற்றிக்கொள்ள மலையில் அவ்வளவு மக்காச்சோளம் விளைய வேண்டாமா? பிறகு 2009-இல் அந்த ஊருக்கு முன்னால் விரிகிற, ‘சாவு’ (Savu) என்ற பெயர்கொண்ட கடலைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் அறிவிப்பு வந்தபோது லமலெரா எதிர்த்தது. திமிங்கலத்தைக் கொல்லாமல் பயணிகளுக்குக் காட்டிப் பிழைக்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பயணி கொடுக்கும் காசு கடற்கரையில் நின்றுவிடும். மலைக்கிழவிக்குக் கருவாடு யார் கொடுப்பார்கள்? அவள் ஒருநாளும் கடலுக்குப் போனவள் இல்லை, அவளை யாரும் படம் எடுக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய உலையையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள். அவளைக் கணக்கில் எடுக்காத எந்தப் பதிலையும், வேட்டைக்கு ஆதரவாக இருந்தாலும் எதிராக இருந்தாலும், நான் காதில் வாங்குவதாக இல்லை.

வீட்டில் சண்டை இருந்தால் கடலில் ஈட்டி தவறும் என்பதும் அங்கே நம்பிக்கை. வேட்டை பொய்த்தால் லமாஃபாவின் வீட்டில் என்ன மனஸ்தாபம் என்று விசாரிப்பார்கள். ஆக, குதிக்கிறவரின் ஈட்டி தவறினால் அதற்கும் கரையில் இருக்கும் மனைவிதான் பொறுப்பு. அவள் சுமை எங்கேதான் முடிகிறது?

பணமில்லாத வாழ்க்கை என்று கனவு காணாதீர்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் அங்கேயும் பணம்தான் வேண்டும். இப்போது எஞ்சின் படகுகள்தான் பழைய பாய்மரப் படகுகளைத் திமிங்கலம் வரை இழுத்துப் போகின்றன. எரிபொருளை யாரும் மக்காச்சோளத்துக்குத் தருவதில்லை. பட்டினிக்கு அஞ்சி மலை ஏறுகிற பெண்ணிடம் போய் ‘நீங்கள் எவ்வளவு எளிமையாக வாழ்கிறீர்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ளோரஸ் தீவின் லாரந்துகாவிலிருந்து லெம்பாட்டாவில் உள்ள லெவோலெபாவுக்குப் படகு உண்டு, அங்கிருந்து தெற்கே தரைவழி. வேட்டைக்காலம் மே முதல் தேதி கத்தோலிக்கப் பூசையோடு தொடங்கி அக்டோபர் வரை. கடற்கரைக்குப் போகுமுன் ஒரு சனிக்கிழமை வுலாண்டோனிக்குப் போங்கள், விசிலுக்கு முன்பே போய்விடுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் இந்த ஆண்டு மழை எப்படி, கதிர் எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.