எடை ஏறவில்லையா? முதலில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துப் பாருங்கள்

முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொங்கு தராசில் பிள்ளைகளை மாட்டி எடை பார்த்தே பாதி ஆயுசு போனது. ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் சாப்பாடு, எடை, உயரம் பற்றிக் கேளுங்கள்.

எட்டு மாதப் பெண். ஆறாம் மாதம் 7 கிலோ, இப்போது 7.1. தாய்ப்பாலோடு மூன்று வேளை ராகிக் கஞ்சி, வயிறு முட்டக் குடிக்கிறாள். அப்புறம் ஏன் நர்சம்மா ஏறவில்லை?

எடையை எழுதிக் கேட்டீர்களே, அதற்கே நன்றி. கஞ்சியை ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் காரணம் அதுதான். இந்த வயதில் ஒரு வேளைக்கு வயிறு கொள்வது கிலோவுக்கு 30 மி.லி. அளவுதான், உங்கள் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். அந்த டம்ளரைத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் மாவுக்கு ஏது இடம்? வயிறு நிறையும், பசி அடங்கும், தராசு முள் நகராது.

கரண்டியைச் சாய்த்தாலும் உடனே விழாத பதத்தில் கிண்டுங்கள். அரை டீஸ்பூன் நெய் விடுங்கள். தினமும் ஒரு வேளையாவது குழைந்த சோறும் பருப்பும், அல்லது வேகவைத்த முட்டை. மஞ்சள் கருவோடு வெள்ளைக் கருவும் கொடுக்கலாம்.

கெட்டியாக இருந்தால் துப்புகிறாள் என்றால் ஒரு வழி உண்டு. முளைகட்டிய ராகி மாவு ஒரு டீஸ்பூன். கூழை இறக்கி, கொதி அடங்கி, ஆவி மட்டும் பறக்கும்போது அதைக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகியது, அதனால் சத்து குறையாது. மறுபடி ஒரு கொதி விட்டு, ஆற வைத்து ஊட்டுங்கள்.

இரண்டு மாதம் எடை நின்றிருப்பதால் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெளியே தெரியாத சிறுநீர்த் தொற்றுகூட எடையைப் பிடித்து வைக்கும்.

நாலு மாதக் குழந்தை. வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார் மாமியார்.

வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூட இரண்டு தடவை பால் கொடுங்கள்.

11 மாதப் பெண், 8.6 கிலோ. பக்கத்து வீட்டுக் குழந்தை 11 கிலோ. எடை ஏற என்ன கொடுக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். அந்த வயதுப் பெண் குழந்தைகளின் நடு எடை 8.7. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு என்று சொல்லாதீர்கள்; 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோல் இது. அளந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று, டெல்லிப் பிள்ளைகளும் அதில் உண்டு. உங்கள் பிள்ளையை அவளுடைய போன மாத எடையோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டோடு வேண்டாம்.

கஞ்சி தண்ணியாக இருந்தால்தான் குழந்தைக்குச் செரிக்கும். என் அம்மா ஏழு பேரை அப்படித்தான் வளர்த்தார். – நாமக்கல் தாத்தா

ஐயா, வளர்ந்த ஏழு பேரைச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் தங்காமல் போன பிள்ளைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. செரிமானத்தைக் கெடுப்பது கெட்டி அல்ல, கழுவாத கையும் காலையில் கிண்டி மாலையில் ஊட்டும் கூழும்.

அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். களி மாதிரி இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாயசம் மாதிரி ஆகிவிட்டது! பயமாக இருக்கிறது, ஏதாவது கெமிக்கலா?

முளை விடும்போது தானியத்திலேயே உண்டாகும் அமைலேஸ் என்ற நொதிதான். மாவுச்சத்தை அது உடைக்கிறது. தைரியமாக ஊட்டுங்கள்.

எனக்கு நடக்கவில்லையே? கடையில் 32 தானியச் சத்துமாவு வாங்கினேன்.

சிவக்க வறுத்திருப்பார்கள். அதிகச் சூட்டில் நொதி செத்துவிடும். கொதிக்கும் கூழில் போட்டாலும் அப்படித்தான். இருக்கட்டும், 32 தானியம் எதற்கு? ஒரு தானியம், ஒரு பருப்பு, கொஞ்சம் வேர்க்கடலை போதும். பிள்ளைக்கு ஏதாவது ஒவ்வாமல் போனால் 32இல் எதைக் குற்றம் சொல்வீர்கள்?

ஒன்றே கால் வயதுப் பையன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பசும்பால், சோறு தொடமாட்டான். வெளிறியிருக்கிறான், மண் தின்கிறான்.

பாலை அரை லிட்டருக்குக் குறையுங்கள், புட்டியை ஒழியுங்கள். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பசியையும் அதுவே தின்றுவிடும். மண் தின்பது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம், இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு தடவை, 1 மி.லி. வீதம். அது சோகை வராமல் தடுக்கும் அளவு. வந்துவிட்டால் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு எடை ஏறவே இல்லை, என்ன செய்வது?

எத்தனை மாதம்? எத்தனை கிலோ? போன மாதம் எவ்வளவு? அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சேனை வைக்க ஒரு சொட்டுத் தேன் மட்டும்?

ஒரு சொட்டும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் வரலாம். அது நரம்பைத் தாக்கி உடம்பைத் துவளச் செய்யும், மூச்சையும் நிறுத்தலாம்.

எடை கூட டானிக் சொல்லுங்கள் சிஸ்டர்.

மேலே கஞ்சிக் கதையைப் படியுங்கள்.

இரண்டு வயது முடிந்தது. போன மாதம் 87 செ.மீ., இப்போது 86.5. உயரம் குறையுமா?

போன மாதம் படுக்க வைத்து அளந்திருப்பார்கள், இப்போது நிற்க வைத்திருப்பார்கள். 0.7 செ.மீ. வித்தியாசம் அதிலேயே வரும்.

கழுத்தில் வேர்க்குருவா, அலர்ஜியா? போட்டோ அனுப்பட்டுமா?

டாக்டரிடம் காட்டுங்கள்.

தேனை வாழைப்பழத்தில் கலந்து...

கூடாது!

சரி நர்சம்மா, பேத்திக்குச் செய்து பார்க்கிறேன். ராகியை எப்படி முளைகட்டுவது? – நாமக்கல் தாத்தா

வாங்க ஐயா. ராத்திரி ஊற வையுங்கள். காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு நாளில் வெள்ளை வால் தெரியும். உலர்த்திக் கையால் தேய்த்தால் வால் உதிர்ந்துவிடும், புடைத்து எடுங்கள். லேசாகச் சூடு காட்டினால் போதும், வறுக்க வேண்டாம். பூசணம் பிடித்த வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.