வார்த்தை வராத ஜெபம்: துபாய் கேம்ப்பிலிருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, திருநெல்வேலி சி.எஸ்.ஐ. குடும்பம், இப்போது துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, ஊரில் அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, பைபிளைத் திறந்தால் கண் சொருகுகிறது, விசுவாசமே போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

முதலில் தூக்கம். 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறான். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. ஓரேப் மலையில் கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பகல் முழுக்க சைட்டில் நின்றவன் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்வான். அதற்குப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிப்போவது, என்று பெயர் வைக்காதீர்கள்.

ராத்திரி ஜெபத்தை விட்டுவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு மாற்றுங்கள். சங்கீதம் 13, மொத்தம் ஆறே வசனம், இரண்டு நிமிஷம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறான் தாவீது. ஒரு வாரம் அதையே வாசியுங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் அவனுடைய வார்த்தையே உங்கள் ஜெபம். அடுத்த வாரம் 88. அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட புலம்பலும் வேதத்தில்தான் இருக்கிறது. தினமும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் வாக்குத்தத்த வசனங்களை மட்டுமே படிக்கிறவனுக்கு, தனக்கு மட்டும் ஏதோ குறை என்று தோன்றிவிடும். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்து வருவது என்றே நினைக்கிறேன்.

ஆராதனைக்கு ஊத் மேத்தாதான் வழி. பஸ் பிடித்து மெட்ரோ கிரீன் லைனுக்கு வந்தால் ஊத் மேத்தா ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கே ஹோலி டிரினிட்டி ஆங்கிலிக்கன் ஆலயமும் புனித மரியாள் கத்தோலிக்க ஆலயமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. டிரினிட்டி வளாகத்து ஹால்களில் பல மொழிச் சபைகள் முறை வைத்துக் கூடுகின்றன. 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டாலும் சில கம்பெனிகளில் இன்னும் வெள்ளிதான் லீவு. அதனால் வெள்ளியிலும் ஆராதனை உண்டு. நேரம் மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஆராதனை முடிந்ததும் ஓடி வந்துவிடாமல் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) பெயர், ஊர், கேம்ப் மூன்றையும் சொல்லுங்கள். எத்தனை பெரிய கூட்டமானாலும், பெயர் தெரியாதவன் நாலு வாரம் வராவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.

ரூமில் மற்ற மதத்தாரும் இருப்பார்கள். ஆடியோ பைபிளை இயர்போனில் கேளுங்கள். மதப் பிரசாரக் கைப்பிரதி கொடுப்பது, முஸ்லிம்களை மதம் மாற்றப் பேசுவது இங்கே சட்டப்படி குற்றம். ஆராதனைக்குத் தடையில்லை, அந்த எல்லைக்குள் நில்லுங்கள்.

சம்பள விஷயத்தை ஜெபக் குறிப்போடு நிறுத்தாதீர்கள். மனிதவள அமைச்சகத்தை 600590000 எண்ணில் கூப்பிட்டோ அவர்களுடைய ஆப்பிலோ புகார் பதியலாம். இந்தியத் தூதரக உதவி மையம் 80046342. ஒப்பந்த நகல், கடைசியாகச் சம்பளம் ஏறிய தேதி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "விசுவாசித்தால் போதும், புகார் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். பாக்கிச் சம்பளம் வர "விதைக் காணிக்கை" அனுப்பச் சொல்லும் போன் ஜெபக்காரர்களுக்கு ஒரு திர்ஹம்கூட வேண்டாம். அம்மா வைத்தியத்துக்காக நீங்களே குரூப்பில் வசூல் ஆரம்பித்துவிடவும் வேண்டாம். அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது இந்த நாட்டில் குற்றம். உதவி தேவை என்றால் ஐயரிடம் நேரில் சொல்லி, சட்டப்படி என்ன வழி என்று கேளுங்கள்.

வீட்டுக் குடும்ப ஜெபத்தை விடாதீர்கள். ஊர் நேரம் இங்கேவிட ஒன்றரை மணி முன்னால். அங்கே இரவு எட்டுக்கு ஜெபம் என்றால் இங்கே ஆறரை, நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள். வாட்ஸ்அப் கால் இங்கே வேலை செய்யாது, ஆனால் வாய்ஸ் மெசேஜ் வரும். அம்மாவை ஒரு கீர்த்தனையும் ஜெபமும் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்கள், டயாலிசிஸ் இல்லாத நாளில். அன்று அவர்களுக்குக் குரலில் தெம்பு இருக்கும். பதிலுக்கு நீங்களும் ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். சம்பளம் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதற்காக ஜெபிக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் எலியாவைப் போல உங்களுக்கும் வந்தால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்துப் பெட்காரரை எழுப்பிச் சொல்லுங்கள், பிறகு ஐயருக்குப் போன் பண்ணுங்கள். அவர் நம்பரை முதல் வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.